தேர் ஓடும் வீதியும் கெடிஸ் காட்டிய வழியும்

ஆண்டுக்கு ஒருமுறை விருத்தாசலத்தின் தேர் வீதிகள் தம் முழு அகலத்தை மீண்டும் அடைகின்றன. மாசி மகப் பெருவிழாவின் தேரோட்டத்துக்காகக் கடைகளின் முன் நீண்டிருக்கும் கூரைகள் மடங்குகின்றன. விளம்பரப் பலகைகள் இறங்குகின்றன. தாறுமாறாக நிற்கும் இருசக்கர வாகனங்கள் ஒதுங்குகின்றன. பழமலைநாதர் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த சில நாள்களில் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். வீதி மீண்டும் சந்தாகிவிடும்.

இந்த ஒரு நாள் அதிசயம் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. தேருக்காக ஊரார் விட்டுக்கொடுக்கும் இடத்தை, மற்ற நாள்களில் நடந்து செல்லும் முதியவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் ஏன் விட்டுக்கொடுக்க முடிவதில்லை? வகுப்பறைகளில் நிலவாடகைக் கோட்பாட்டையும் பொதுப் பண்டங்களின் இலக்கணத்தையும் பல்லாண்டுகள் விளக்கியவன் என்ற முறையில் என்னிடம் ஓர் ஆயத்த விடை உண்டு. பொது இடத்துக்கு விலை இல்லை. விலையற்றதை முந்துபவர் எடுத்துக்கொள்கிறார். இந்த விடை ஆண்டின் ஏனைய நாள்களை விளக்குகிறது, தேர்நாளை விளக்கவில்லை. தேர்நாளையும் சேர்த்து விளக்க முயன்ற ஒரு மனிதரைத் தேடினால், நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன் தமிழகத்துக் கோயில் நகரங்களின் சந்துகளில் நடந்து திரிந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரிடம் போய்ச் சேருகிறோம். அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ்.

தாவரவியல் கற்ற இவர் நகரமைப்பின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நகரத் தொகுதியைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல் இவர் உருவாக்கியது. நகரத்தைத் திருத்துமுன் அதை அளந்து, அறிந்து, அதன் நோயைக் கண்டறிய வேண்டும் என்ற விதியை அத்துறையில் நிலைநிறுத்தியவரும் இவரே.

வங்கிப் பணியும் நுண்ணோக்கியும்

கெடிஸ் 1854 அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை படைவீரர். குடும்பம் பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்தபோது, மலைச்சரிவில் தோட்டத்துடன் கூடிய சிறு வீடு அவர்களுக்கு வாய்த்தது. செடிகளையும் கற்களையும் தந்தையோடு நடந்து கற்ற அந்தச் சிறுவன், கீழே பரந்து கிடந்த நகரத்தையும் ஆற்றையும் ஒரே பார்வையில் காணப் பழகினான். ஊரை அதைச் சூழ்ந்த நிலத்தோடு சேர்த்தே பார்க்கும் வழக்கம் அங்கே தொடங்கியது.

பள்ளிப் படிப்புக்குப் பின் தந்தையின் விருப்பப்படி வங்கியில் பயிற்சிப் பணியில் சேர்ந்தார், மனம் ஒட்டவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் வகுப்பில் சேர்ந்து ஒரே வாரத்தில் வெளியேறினார். உலர்ந்த மாதிரிகளைக் கொண்டு உயிரைக் கற்பிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. லண்டன் சென்று, டார்வினின் கொள்கைக்காக வாதாடிய தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் பயின்றார். பின்னர் ஃபிரான்சின் கடலோர ஆய்வகத்திலும் பாரிசிலும் ஆய்வு செய்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதையும் அவர் பெறவில்லை. பிற்காலத்தில் பேராசிரியர் பதவிகளை வகித்தவரின் வாழ்வில் இது வியப்புக்குரிய செய்தி.

பாரிசில் அவருக்கு இன்னொரு கதவு திறந்தது. ஃபிரெடெரிக் லெ பிளே என்ற சமூக ஆய்வாளர், தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வை அவர்களது இடம், தொழில், குடும்பம் ஆகிய மூன்றையும் இணைத்து ஆராய்ந்திருந்தார். இதைக் கெடிஸ் இடம், தொழில், மக்கள் என்று விரித்துத் தம் வாழ்நாள் சூத்திரமாக்கிக்கொண்டார். நிலம் எத்தகைய தொழிலைத் தருகிறது, அத்தொழில் எத்தகைய மக்களை உருவாக்குகிறது, அம்மக்கள் தம் இடத்தை எப்படி மாற்றுகிறார்கள் என்று கேட்பதே அவரது முறை. களிமண், சூளை, தொழிலாளி என்ற வரிசையில் தன்னை அடையாளம் காணும் விருத்தாசலம் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி வேறில்லை.

1879-இல் ஆய்வுப் பணிக்காக மெக்சிகோ சென்றபோது கண்பார்வை திடீரென மங்கியது. பல வாரங்கள் இருட்டறையில் கட்டுண்டு கிடந்தார். அந்த இளம் உயிரியலாளரின் நுண்ணோக்கி வாழ்வு ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. இருட்டில் சன்னல் சட்டங்களைத் தடவிப் பார்த்தவர், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கருத்தை இருத்தி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவை எண்ணத் தொடங்கினார். பார்வை பின்னர் திரும்பியது. ஆனால் அவரது கவனம் தனி உயிரிலிருந்து உயிர்களின் உறவுக்கும், அங்கிருந்து சமூகத்துக்கும் நகர்ந்துவிட்டது.

1880-களில் அவர் பொருளியலிலும் புகுந்தார். பொருளியலின் அடிப்படைகளை உயிரியல் நோக்கில் ஆராய்ந்தும், ஜான் ரஸ்கினைப் பொருளியலாளராக முன்னிறுத்தியும் எழுதினார். ஒரு தொழிலாளியின் உண்மை ஊதியம் அவன் கைக்கு வரும் பணம் மட்டுமன்று. அவன் குடியிருக்கும் வீடு, குடிக்கும் நீர், மூச்சுவிடும் காற்று, பிள்ளைகள் விளையாடும் திடல் ஆகியனவும் அதில் அடங்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். எங்கள் துறை அவரை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. வருமானத்தைத் தாண்டி வாழ்க்கைத் தரத்தை அளக்கும் இன்றைய முயற்சிகளைப் பார்க்கையில், அவர் முன்கூட்டியே வந்தவர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

சேரிக்குக் குடிபெயர்ந்த தம்பதி

1886-இல் அன்னா மார்ட்டன் என்ற இசை ஆசிரியையைக் கெடிஸ் மணந்தார். வசதியான பகுதியில் வாழ வாய்ப்பிருந்தும், மறு ஆண்டில் இருவரும் எடின்பரோ பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசலான குடியிருப்புக்குக் குடிபோனார்கள். ஒரு காலத்தில் செல்வர்கள் வாழ்ந்து, அவர்கள் புதிய நகருக்குப் போனபின் ஏழைகள் நெருக்கியடித்துக் குடியேறிய அடுக்கு வீடுகள் அவை. நகர நிர்வாகத்தின் கண்ணில் அவை இடித்துத் தள்ள வேண்டியவை.

தம்பதியர் முதலில் தங்கள் வீட்டைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். சன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். பிறகு அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டினார்கள். சீர்செய்ய முடியாத ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் அகற்றி, அந்த இடத்தில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வழி செய்தார்கள், மற்றவற்றைப் பழுதுபார்த்தார்கள். 1887-இல் மாணவர்கள் தாமே நிர்வகிக்கும் விடுதி ஒன்றும் அப்பகுதியில் தொடங்கப்பட்டது. பழைய நகரின் கோட்டையருகே எழுந்த ராம்சே கார்டன் குடியிருப்பு இன்றும் அந்த முயற்சிக்குச் சான்றாக நிற்கிறது.

வரவு செலவில் கெடிஸ் கெட்டிக்காரர் அல்லர். வாங்கிய கட்டடங்களின் சுமை கழுத்தை நெரித்தபோது, 1896-இல் நண்பர்கள் ஒரு சங்கம் அமைத்து அவற்றைப் பொறுப்பேற்றார்கள். எடின்பரோவின் தாவரவியல் பேராசிரியர் பதவியும் அவருக்குக் கிட்டவில்லை. 1888 முதல் டண்டீ கல்லூரியில் கோடைப் பருவத்துக்கு மட்டுமான பேராசிரியர் பதவியில் இருந்தார். எஞ்சிய மாதங்களை நகரங்களுக்குக் கொடுத்தார்.

1892-இல் எடின்பரோ கோட்டைக்கு அருகில் ஓர் உயர்ந்த கட்டடத்தை வாங்கி, அதற்கு நோக்குக் கோபுரம் என்ற பொருளில் பெயர் வைத்தார். பார்வையாளர் முதலில் உச்சிக்கு ஏறி நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் காண வேண்டும். பின் ஒவ்வொரு தளமாக இறங்கும்போது எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா என விரிந்து, அடித்தளத்தில் உலகம் வரும். உலகைப் புரிந்துகொள்ளச் சொந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பாடத்தைக் கட்டடமாகவே அவர் கட்டிவைத்தார்.

1903-இல் டன்ஃபெர்ம்லின் நகரப் பூங்காவுக்காகக் கார்னகி அறக்கட்டளை அவரிடம் திட்டம் கேட்டது. அவரோ பூங்காவோடு நிறுத்தாமல் முழு நகரத்தின் வாழ்வுக்கும் திட்டம் எழுதி, 1904-இல் நூலாகவே வெளியிட்டார். அறக்கட்டளை அதை ஏற்கவில்லை. கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுப்பது கெடிசின் பழக்கம். கேட்டவர் மிரண்டு பின்வாங்குவது அவர் வாழ்வில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது.

எம்டனும் சென்னைக் கண்காட்சியும்

இந்த மனிதரைச் சென்னைக்கு அழைத்தவர் அன்றைய மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு. முன்னர் ஸ்காட்லாந்து விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்தவர் அவர். நகரங்களின் வரலாற்றையும் அமைப்பையும் படங்களாலும் வரைபடங்களாலும் விளக்கும் கண்காட்சி ஒன்றைக் கெடிஸ் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியிருந்தார். 1913-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அது பெரும் பாராட்டைப் பெற்றது. அதையே சென்னைக்கும் கொண்டுவர ஏற்பாடானது.

1914-இல் போர் மூண்டது. செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பல் எம்டன், தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. அதே எம்டன், அடுத்த மாதம் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. கெடிசின் கண்காட்சி முழுவதும் அக்கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. பல்லாண்டு உழைப்பு இந்தியப் பெருங்கடலின் அடியில் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 60. நண்பர்கள் ஐரோப்பாவெங்கும் மாற்றுப் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது.

அந்த மாதங்களில் மாகாணத்தின் நகரங்களை அவர் நேரில் சென்று பார்த்தார். மதுரை, தஞ்சாவூர், பெல்லாரி ஆகியவை பற்றி அவர் எழுதியவை இன்றும் நகரமைப்பு மாணவர்களால் படிக்கப்படுகின்றன. தென்னிந்தியக் கோயில் நகரம் அவரை ஆட்கொண்டது. நடுவே கோயில், சுற்றிலும் அடுக்கடுக்கான வீதிகள், தேர் திரும்புவதற்கேற்ற மூலைகள், குளம், நிழல் மரம், திண்ணை என்ற அமைப்பை ஓர் உயிரினத்தின் உடலைப் போல அவர் படித்தார். ஐரோப்பியப் பொறியாளர்கள் குழப்பம் என்று கண்ட இடத்தில் அவர் ஓர் ஒழுங்கைக் கண்டார்.

தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெரிசலைக் குறைக்க, வீடுகளின் ஊடே நேர்கோட்டில் அகலச் சாலைகளை வெட்டும் திட்டம் ஒன்று இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதியாக இருக்கிறது, எது இடிந்து வெறுமையாகக் கிடக்கிறது, எங்கே ஒரு மரமும் மேடையும் இருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்தார். பிறகு, பாழடைந்த சில கட்டடங்களை அகற்றி, அந்த வெற்றிடங்களை இணைத்துச் சிறு முற்றங்களாக்கி, நல்ல வீடுகளைத் தொடாமலே காற்றோட்டத்தை ஏற்படுத்தலாம் என்று காட்டினார். செலவு மிகக் குறைவு. வீடிழப்போர் மிகச் சிலர். மருத்துவர் ஒருவர் உடலைக் காப்பதற்காக மிகச் சிறிய அளவில் கத்தியைப் பயன்படுத்துவதோடு அவர் இதை ஒப்பிட்டார். பேணும் அறுவை என்று நாம் அதைச் சொல்லலாம்.

அவர் முன்வைத்த பொருளியல் எளிமையானது, மறுக்கக் கடினமானது. நெரிசலான வீடுகளை இடித்தால் அங்கிருந்தவர்கள் மறைந்துபோவதில்லை. அடுத்த தெருவின் வாடகையை ஏற்றி, அங்கே இன்னும் நெருக்கமாகக் குடியேறுகிறார்கள். நெரிசல் தீரவில்லை, இடம் மாறியது அவ்வளவே. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் எதிர்த்தார். தூர் வாரி மீன் வளர்க்கலாம் என்றார். வெயில் நாட்டில் அளவு மீறிய அகலச் சாலை வெப்பத்தையும் புழுதியையும் தருமே தவிர ஆரோக்கியத்தைத் தராது என்றும் எச்சரித்தார்.

இழப்பும் இந்தூர் விழாவும்

1917 அவருக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரலில் மூத்த மகன் அலாஸ்டர் ஃபிரான்சுப் போர்முனையில் இறந்தார். இந்தியாவில் கணவரோடு பணியாற்றிக்கொண்டிருந்த அன்னா அப்போது கடும் காய்ச்சலில் இருந்தார். மகனின் மரணச் செய்தியைக் கெடிஸ் மனைவியிடம் சொல்லவில்லை. ஜூனில் அன்னாவும் இறந்தார். மகன் உயிரோடிருக்கிறான் என்ற நம்பிக்கையுடனேயே இறந்தார்.

அந்தத் துயரத்துக்குப் பின்னர் வந்ததுதான் அவரது இந்தியப் பணியில் மிகவும் பேசப்படும் நிகழ்வு. பிளேக் நோயால் அவதிப்பட்ட இந்தூரில், சுத்தம் செய்யும் ஆணைகளை மக்கள் பொருட்படுத்தவில்லை. தீபாவளியையொட்டி நகர ஊர்வலம் ஒன்றை நடத்த மன்னரின் இசைவைக் கெடிஸ் பெற்றார். ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது. எந்தத் தெருக்கள் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டு வீடுகள் பழுதுபார்க்கப்படுகின்றனவோ, அவற்றின் வழியே போகும் என்று அறிவித்தார். தெருக்கள் போட்டி போட்டுக்கொண்டு துலங்கின. ஊர்வலத்தில் அழுக்கின் பூதமும், பிளேக்கைச் சுமக்கும் மாபெரும் எலியின் உருவமும் சென்றன. முடிவில் அவை எரிக்கப்பட்டன. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடை அணிந்து, மாலை சூடிய மாட்டு வண்டிகளோடு மரியாதையுடன் ஊர்வலத்தில் நடந்தார்கள்.

அதன்பின் பிளேக் தணிந்தது. பருவம் முடிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நம் கேள்விக்கான விடை அங்கே இருக்கிறது. ஆணைக்குப் பணியாத தெரு, ஊர்வலத்துக்குப் பணிந்தது. தன் தெரு எல்லோர் கண்ணிலும் படப்போகிறது, அது ஊரின் பெருமைக்குரிய பாதையில் சேரப்போகிறது என்ற உணர்வு, அபராதம் செய்யாததைச் செய்தது. கோயில் நகரத் தேரோட்டத்தைக் கண்டிருந்த ஒருவருக்கு இந்த யோசனை தோன்றியதில் வியப்பில்லை.

1918-இல் இந்தூர் அறிக்கை இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியரானார். ஜகதீச சந்திர போசின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தாகூரோடு கல்வி பற்றிக் கடிதம் பரிமாறினார். 1925-இல் அவர் டெல் அவிவ் நகருக்கு வரைந்த திட்டம் பெருமளவு நடைமுறைக்கு வந்தது. அதன் மீது எழுந்த வெண்ணிற நகரம் 2003 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். 1924-இல் இந்தியாவை விட்டு ஃபிரான்சின் மோன்பெலியே நகரில் குடியேறியவர், அங்கே மாணவர் இல்லம் ஒன்றைக் கட்டி எழுப்பினார். 1932-இல் சர் பட்டம் பெற்ற சில வாரங்களில், ஏப்ரல் 17 அன்று அங்கேயே காலமானார்.

அவர் காணத் தவறியவை

இந்தியாவில் அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை அலுவலக அலமாரிகளிலேயே தங்கின. அதற்கு அதிகாரிகள் மட்டுமே காரணமல்லர். அவரது எழுத்து கிளை கிளையாகப் பிரிந்து ஓடும். பேச்சோ தாடிக்குள் முணுமுணுப்பாக அடங்கிவிடும் என்று அவரை நேசித்தவர்களே குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. கோயில் நகரத்தின் அழகில் ஈடுபட்ட கெடிஸ், அந்த அடுக்குகளில் யார் எங்கே குடியிருக்க அனுமதிக்கப்பட்டார்கள் என்ற கேள்வியைப் போதிய அளவு கேட்கவில்லை. தேர் வீதியில் ஒரு சாதியும் ஊருக்கு வெளியே இன்னொரு சாதியும் வாழ்ந்த ஏற்பாட்டை உயிரினத்தின் இயல்பான வளர்ச்சி என்று சொல்ல முடியாது. அது மனிதர் வகுத்த வேலி. துப்புரவுத் தொழிலாளருக்கு ஊர்வலத்தில் மாலை சூட்டியவர், ஊர்வலம் முடிந்தபின் அவர்கள் எந்தக் குடியிருப்புக்குத் திரும்பினார்கள் என்பதையும் ஆராய்ந்திருக்க வேண்டும். கெடிசின் முறையை இன்று ஏற்பவர்கள் இந்தத் திருத்தத்தோடுதான் ஏற்க வேண்டும்.

விருத்தாசலத்துக்கு என்ன பாடம்?

2011 கணக்கெடுப்பின்படி விருத்தாசலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 73 ஆயிரம். ஆனால் அதன் சாலைகளைப் பயன்படுத்துவோர் அதைவிட மிகுதி. விழுப்புரம்-திருச்சி பாதையும் கடலூர்-சேலம் பாதையும் சந்திக்கும் ரயில் சந்திப்பு இது. சுற்றியுள்ள சிற்றூர்களின் சந்தையும், மருத்துவமனையும், கல்லூரியும் இதுவே. அகல்விளக்கு, பொம்மை, மின் காப்பான் என்று பீங்கான் பொருள்கள் உருவாகும் தொழிற்பேட்டைக்கும் அதைச் சார்ந்த கூடங்களுக்கும் தொழிலாளர்கள் நாள்தோறும் வந்து செல்கிறார்கள். மணிமுத்தாற்றங்கரையில் ஒரு கோயிலைச் சுற்றி நடப்பதற்காக அமைந்த வீதிகள் இன்று பேருந்தையும் லாரியையும் ஷேர் ஆட்டோவையும் சுமக்கின்றன.

இத்தகைய ஊர்களுக்கு நாம் எழுதும் மருந்துச்சீட்டு இரண்டே வகை. ஒன்று, இடித்து அகலமாக்குவது. மற்றொன்று, பேருந்து நிலையம், சந்தை, அலுவலகம் என ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே தூக்கிச் செல்வது. அகலமாக்கிய சாலையைச் சில ஆண்டுகளில் நிறுத்திய வாகனங்கள் நிரப்பிவிடுகின்றன. வெளியே போன பேருந்து நிலையத்துக்குப் போய்ச்சேர ஏழைப் பயணி இன்னொரு கட்டணம் செலுத்துகிறார். மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் சுந்தரர் எடுத்தார் என்பது இத்தலத்தின் கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடும் அந்த வித்தை அவருக்குக் கைகூடியது. ஊருக்குள் தொலைத்த பொது இடத்தைப் புறவழிச் சாலையில் தேடும் நமக்குக் கைகூடாது.

பக்கத்தில் இருக்கும் நெய்வேலியைக் காட்டி, அதுபோல் ஏன் இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. 1956-இல் நிறுவப்பட்ட நிலக்கரி நிறுவனத்துக்காக, ஊர்களை அப்புறப்படுத்திய நிலத்தில் ஒரே உரிமையாளர் எழுப்பிய நகரியம் அது. அங்கே எண்ணிட்ட வட்டங்களும் மரமடர்ந்த சாலைகளும் சாத்தியமாயின. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையும் ஆயிரக்கணக்கான உரிமையாளர்களும் உள்ள ஊரில் அந்த அளவுகோல் செல்லாது. இங்கே கெடிசின் கத்திதான் பொருந்தும்.

முதல் வேலை, நடப்பது. ஜங்ஷன் சாலையிலிருந்து பாலக்கரை வரையும், அங்கிருந்து சன்னதித் தெரு வரையும் எந்த நேரத்தில் யார் எதற்காக நடக்கிறார்கள், எங்கே நிழல் அறுகிறது, எங்கே நடைபாதை சாக்கடையில் முடிகிறது, எந்தப் பாழ்மனை ஒரு சிறு திடலாகக் கூடும் என்று தெருத்தெருவாக வரைபடம் தயாரிக்கலாம். அரசுக் கலைக்கல்லூரி மாணவர்களும் பீங்கான் தொழில்நுட்பப் பயிலக மாணவர்களும் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய பணி இது. பூக்காரரையும் தள்ளுவண்டிக்காரரையும் ஆக்கிரமிப்பு என்ற தலைப்பில் எழுதாமல் தொழில் என்ற தலைப்பில் எழுத வேண்டும். சாலையை அடைப்பது அவர்களா, நிறுத்திய கார்களா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சூளைத் தொழிலாளி எங்கே குடியிருக்கிறார், வாடகைக்கும் பயணத்துக்கும் ஊதியத்தில் எவ்வளவு போகிறது என்று கேட்க வேண்டும். திட்டம் அதன் பிறகுதான்.

அடுத்து, தேரைத் துணைக்கு அழைப்பது. கொளஞ்சியப்பர் சன்னதியில் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டும் மக்கள் இவ்வட்டாரத்து மக்கள். முறையிடவும் தெரியும், கூடி நிற்கவும் தெரியும். தேரோட்டத்துக்காக ஒதுங்கிய கூரைகளில் எவை திரும்ப நீளத் தேவையில்லை என்பதைத் தேர் நிலைக்கு வந்த மறுநாளே தெருவாரியாக உட்கார்ந்து பேசலாம். தேர் போகாத தெருக்களையும், குறிப்பாக எந்த ஊர்வலமும் எட்டிப் பார்த்திராத குடியிருப்புகளையும், இந்தூரைப் போல ஒரு பொது விழாவின் பாதையில் சேர்க்கலாம். சீர்பெற்ற தெருவின் பெயர்ப் பலகையை இவ்வூர்ப் பீங்கானிலேயே வார்க்கலாம்.

இவற்றுக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. நில எடுப்பு வழக்குகளும் இல்லை. ஒரு மாசி மகத்துக்கும் அடுத்த மாசி மகத்துக்கும் இடையே இரண்டு தெருக்கள் தம் அகலத்தைத் தக்கவைத்துக்கொண்டால்கூட, அது எந்தப் புறவழிச் சாலையும் தராத ஆதாயம். தேர்நாளில் ஊர் தன்னால் முடியும் என்று ஆண்டுதோறும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மறுநாளும் அதைத் தொடரச் சொல்வதற்கு நகராட்சியும் வணிகர்களும் குடிமக்களும் ஒரே மேசையில் அமர வேண்டியதுதான் பாக்கி.